டத்தோவின் வாக்குமூலம்

ஒரு தெய்வம் சொன்னதாக ஊரே நம்பும் வார்த்தையை அது சொல்லவே இல்லை என்று நிரூபித்துத் தர முடியுமா என்று துளசி கேட்டாள்.

குணவதி பேனாவைக் கீழே வைத்தாள். பினாங்கின் சூலியா தெருவில் காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். ஓடிப்போன கணவர்கள், காணாமல் போன கார்கள், பொய்யாகச் செத்துப்போன ஒரு லோரி முதலாளி என்று பலரைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். சாட்சி ஒரு தெய்வமாக இருப்பது இதுதான் முதல் தடவை.

“யாரு சொன்னதா சொல்றாங்க?”

“டத்தோ கோங்.”

“என்ன சொன்னாராம்?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவானுக்குக் குடி போறேன்னு.”

“அங்க வாடகை கொறைச்சல்லா,” என்றான் சிக்கந்தர் ஜன்னலோரத்திலிருந்து. அவன் குணவதியின் உதவியாளன். தெருமுனையில் இருக்கும் நாசி கண்டார் கடை அவன் அத்தாவுடையது. சோற்றுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பது பிடிக்காமல் துப்பறிய வந்தவன். வாடிக்கையாளரிடம் வாயடிக்கும் பழக்கத்தை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

துளசி அவனைக் கண்டுகொள்ளாமல் விஷயத்தைச் சொன்னாள். சூலியா தெருவுக்குப் பின்சந்தில் ஒரு பெரிய மரம். மரத்தடியில் டத்தோவின் சிவப்புக் கோயில். அதற்குப் பக்கத்தில் அவளுடைய தோசைக் கடை. அந்த வரிசையை ஒரு ஹோட்டல் கம்பெனி வாங்கப் போகிறது. மரத்தை வெட்டினால்தான் ஹோட்டலுக்கு வழி விட முடியும். ஆனால் டத்தோ இருக்கிற மரத்தில் கை வைக்க எந்த வேலையாளும் வரமாட்டான். அதனால் போன வியாழக்கிழமை சாமியாடியை வரவழைத்து டத்தோவிடமே கேட்டார்கள். அவர் சம்மதித்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை டத்தோ லோரி ஏறுகிறார். அடுத்த நாள் மரமும் கடையும் போய்விடும்.

“பாசார் பக்கம் வேற இடம் கிடைக்காதா?” என்று குணவதி கேட்டாள்.

“லைசென்சுக்கு எழுதிப் போட்டா எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கக்கா. கடைய நம்பித்தான் ஸ்கூலுக்குப் போகுதுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“டத்தோ சொல்லலேன்னு நீ எப்படிச் சொல்ற?”

“தினமும் காலையில அவருக்கு மொத கோப்பி நான்தான் வைக்கிறேன். போறவரு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா போவாரு?”

இது கோர்ட்டில் நிற்காது. ஆனாலும் குணவதிக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

டத்தோ கோங் என்றால் அரசாங்கத்திடம் பட்டம் வாங்கிய டத்தோ இல்லை. இவர் மண்ணைக் காக்கிறவர். கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சீனர்கள். கும்பிடப்படுகிறவர் மலாய்க்காரர், அதுவும் முஸ்லிம். அந்தச் சந்தில் அவருக்குக் கூட்டிப் பெருக்கிச் சாம்பிராணி போடுவது தமிழச்சி. பினாங்கில் இதையெல்லாம் யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. வெள்ளைத் தாடியும் கறுப்புச் சொங்கோக் தொப்பியும் இடுப்பில் கிரிஸ் கத்தியுமாக, இடுப்பு உயர மேடையில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் வெற்றிலை, சுருட்டு, பால் கலக்காத கோப்பி. படையலில் பன்றி இறைச்சி மட்டும் எந்தக் காலத்திலும் கிடையாது.

குணவதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். சிக்கந்தர் மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

“உள்ள வரலயா?”

“நான் வந்தா அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். ரெண்டு பேரும் ஒரே மார்க்கம். என்ன பேசிக்கிறது?”

அப்போது அவன் சரிவில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் தானாகச் சாய்ந்து சத்தத்தோடு விழுந்தது. எதிரே இருந்த இரும்புச் சாமான் கடையிலிருந்து ஒரு சீனப் பெரியவர் அரைக்கால் சட்டையோடு ஓடிவந்தார். ஸ்கூட்டரைத் தூக்கப் போகிறார் என்று சிக்கந்தர் நினைத்தான். அவர் குனிந்து நம்பர் பிளேட்டைப் படித்து, பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகுதான், “யாருக்கும் அடி படலயே?” என்று கேட்டார்.

“ஸ்கூட்டருக்குத்தான் அங்கிள்.”

“நல்ல நம்பர்லா. விழுந்த வண்டி நம்பர் அடிக்கும்.”

அவர்தான் ஊய் அங்கிள். கோயில் கமிட்டித் தலைவர். டத்தோவுக்கு இங்கே மேடை கட்டியதே அவருடைய தாத்தா. அந்த வரிசைக் கடைகளும் அவர்களுடைய குடும்பச் சொத்துதான். சூலியா தெருவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். எந்தக் கார் எங்கே மோதினாலும் அதன் நம்பரில் அவர் லாட்டரிச் சீட்டு எடுத்துவிடுவார் என்பது சந்துக்கே தெரிந்த சங்கதி.

டத்தோ எப்படி வாக்குச் சொல்வார் என்று கேட்டதும் அவர் ஆசையாக விளக்கினார். இரண்டு பழைய செப்புக் காசுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சிவப்புச் சாயம், மறுபக்கம் வெறும் செம்பு. இரண்டையும் பீங்கான் குவளையில் போட்டுக் குலுக்கித் தட்டில் கவிழ்க்க வேண்டும். ஒன்று சிவப்பாகவும் மற்றது வெறுமையாகவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் வெறுமை என்றால் இல்லை. இரண்டும் சிவப்பு என்றால் டத்தோ சிரிக்கிறார், கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும்.

“குலுக்கறது யாரு?”

“சாமியாடி. குவளையில போடறதும் தட்டுலேருந்து எடுக்கறதும் நான். தாத்தா காலத்துக் காசு. வேற யாரும் தொடக்கூடாது.”

“அன்னிக்கு என்னெல்லாம் கேட்டீங்க?”

“போறீங்களான்னு கேட்டோம். ஆமாம்னாரு. பத்து காவான் பிடிக்குமா, ஆமாம். ஞாயித்துக்கிழமை நல்ல நாளா, ஆமாம். லோரில ஏறுவீங்களா, அதுக்கும் ஆமாம்.”

“ஒரு தடவைகூடச் சிரிக்கலயா?”

ஊய் அங்கிள் பேனாவைப் பையில் செருகினார். “அன்னிக்கு ரொம்ப நல்ல மூட்ல இருந்தாரு.”

சந்தைவிட்டு வெளியே வந்ததும் சிக்கந்தர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “கடைங்க இவரோடது. டத்தோ போனாத்தான் விக்க முடியும். ஆளைப் பிடிச்சாச்சுக்கா, சாப்பிடப் போலாம்.”

“ஆசை இருக்குன்னு தெரியுது. அதுக்கு டத்தோ ஏன் தலையாட்டணும்? சாமியாடியும் சேர்ந்து செஞ்சிருக்கலாமே.”

“சாமியாடி எங்க இருக்காரு?”

“பத்து காவான்ல.”

சிக்கந்தர் துடைப்பதை நிறுத்தினான். “அப்ப நான் பிடிச்ச ஆளை விட்டுடறேன்.”

*

சாமியாடியின் பெயர் சந்திரசேகரன். பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்ப்பது அவர் வேலை. அருள் வருவதெல்லாம் ஷிஃப்ட் இல்லாத நாட்களில்தான். பாலம் தாண்டி வந்தவரைச் சிக்கந்தர் தன் அத்தாவின் கடையிலேயே உட்கார வைத்து, மீன் தலைக் கறியோடு விசாரணையை ஆரம்பித்தான்.

“டத்தோ உங்க ஊருக்கே வர்றாராமே அண்ணே. பக்கத்து வீடா?”

“தம்பி, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அருள் வந்தா என் கண்ணு மூடிக்கும். குவளையைக் கையில கொடுப்பாங்க, குலுக்கிக் கவுப்பேன். என்ன விழுந்துச்சுன்னு ஜனங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.” சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் முகத்தைச் சுளித்தார். “உண்மையைச் சொன்னா, டத்தோமேல எனக்கே கோவம்.”

“ஏன்?” என்றாள் குணவதி.

“நம்பர் கொடுத்து ஏமாத்திட்டாரு.”

டத்தோவிடம் போகிற யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. நான்கு இலக்க நம்பர் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்ச் சீட்டு எடுப்பார்கள். வியாழக்கிழமையும் பெரிய கேள்விகள் முடிந்த பிறகு, ஊர் பிரியுமுன் ஒரு நம்பர் தரும்படி கூட்டம் கேட்டிருக்கிறது.

“எப்படிக் கேட்டீங்க?”

“மொத நம்பர் ஒண்ணான்னு கேட்டோம். ஆமாம்னு விழுந்துச்சு. ரெண்டாவது ஒண்ணா? அதுக்கும் ஆமாம். மூணாவதும் அப்படியே. நாலாவதும் அப்படியே.”

“நாலு ஒண்ணு,” என்றான் சிக்கந்தர்.

“ஆமா.”

“ரெண்டு, மூணுன்னு மத்த நம்பரெல்லாம் இருக்கே. அதுங்களைப் பத்தி யாருக்கும் ஞாபகம் வரலயா?”

“டத்தோ ஆமாம்னு சொன்னப்புறம் வேற கேக்கறது மரியாதையா தம்பி? சந்தே போய் அதைத்தான் எடுத்துச்சு. நம்பர் கடையில இனிமே இந்த நம்பர் இல்லைன்னு மூடிட்டாங்க. கடைசில அது கிட்டகூட வரல.”

“நீங்களும் எடுத்தீங்களா?”

சந்திரசேகரன் மீன் தலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். “வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது.”

“துளசி?”

“அதுவும் எடுத்துச்சு.”

“எடுக்காதவங்க யாராவது?”

அவர் யோசித்தார். “ஊய் அங்கிள்தான். நல்ல நேரம் பாருங்க, அன்னிக்கு மட்டும் அவரு எடுக்கல. சந்துல தப்பிச்சது அவர் ஒருத்தர்தான்.”

சிக்கந்தரும் குணவதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்திரசேகரன் மட்டும் சாப்பிட்டார்.

“அக்கா,” என்று சிக்கந்தர் மெதுவாகச் சொன்னான். “கீழ விழுந்த என் ஸ்கூட்டரை நம்பினவரு, டத்தோ வாக்கை நம்பலயா?”

“நம்பல. ஏன்னா அது டத்தோ வாக்கு இல்லைன்னு அவருக்குத் தெரியும்.”

குணவதி சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, பையிலிருந்து இரண்டு காசுகளை எடுத்து மேசையில் வைத்தாள். “ஒரு காசுல ரெண்டு பக்கமும் சிவப்பு பூசிட்டா? இன்னொண்ணுல ரெண்டு பக்கமும் பூசாம விட்டுட்டா? எப்படிக் குலுக்கினாலும் ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெறும் செம்பு. டத்தோவால இல்லைன்னு சொல்லவும் முடியாது, சிரிக்கவும் முடியாது.”

சந்திரசேகரன் சாப்பிடுவதை நிறுத்தினார். சம்பளத்தில் எவ்வளவு போயிற்று என்பது அவர் முகத்தில் தெரிந்தது. “அந்த ஆளை நான் இப்பவே போய்…”

“உக்காருங்க அண்ணே. ஞாயித்துக்கிழமை வந்து எப்பவும் போல குலுக்குங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”

“போலீஸ்ல சொல்லிடலாம்லா,” என்றான் சிக்கந்தர்.

“என்னன்னு எழுதிக் கொடுப்ப? டத்தோவை மிரட்டி வாக்குமூலம் வாங்கிட்டாங்கன்னா?”

“காசைக் காட்டச் சொன்னா?”

“தாத்தா காசு, தொடக்கூடாதும்பாரு. உள்ள போய் நல்ல காசை எடுத்துட்டு வருவாரு. அந்தக் காசை அவரே சந்தோஷமா குவளையில போடணும். அப்படி ஒரு கேள்வியோட நாம போகணும்.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை சந்தில் நிற்க இடமில்லை. மஞ்சள் துணியும் செவ்வந்தி மாலையும் கட்டிய லோரி ஒன்று மரத்தை ஒட்டி நின்றது. துளசி கடை திறக்கவில்லை. தோசைக்கல்லையும் பாத்திரங்களையும் சாக்கில் கட்டிவைத்துவிட்டு, மூட்டையின் பக்கத்திலேயே நின்றாள். ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஹோட்டல் கம்பெனியின் மேனேஜர் ரொஸ்னா தூடோங் தலைத்துணி அணிந்த மலாய்ப் பெண். ஒழுங்கானவள். குணவதி அவளிடம் போய், வேலையாட்களின் பயம் போக எல்லார் முன்னாலும் டத்தோவை இன்னொரு தடவை கேட்டுவிட்டு ஏற்றுவது நல்லது என்றாள். ரொஸ்னாவுக்கும் அது சரியாகப் பட்டது. டத்தோ மனசார வராவிட்டால் கம்பெனி மரத்தைத் தொடாது என்பதை அவள் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

ஊய் அங்கிளின் முகம் மலர்ந்தது. “கேளுங்க, கேளுங்க. எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க.” சட்டைப் பையிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, காசுகளைத் தன் கையாலேயே குவளையில் போட்டார்.

சந்திரசேகரன் கண்ணை மூடி உடம்பைக் குலுக்கினார். அன்றைக்கு அருள் கொஞ்சம் கோபமாகவே வந்தது.

குணவதி கை கூப்பினாள். “டத்தோ, நீங்க இந்த மரத்தடியிலேயே இருக்க ஆசைப்படறீங்களா?”

குவளை கவிழ்ந்தது. ஒன்று சிவப்பு, ஒன்று செம்பு.

கூட்டத்தில் சலசலப்பு. தட்டை நோக்கி நீண்ட ஊய் அங்கிளின் கை பாதியில் நின்றது. “கேள்வி சரியில்ல,” என்றார். “போறீங்களான்னுதான் கேக்கணும்.”

“அப்ப வேற மாதிரி கேக்கறேன். டத்தோ, போன வியாழக்கிழமை சொன்னதை மறந்துடச் சொல்றீங்களா?”

ஊய் அங்கிள் காசுகளை எடுத்துக் குவளையில் போட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்னதான் செய்வார்? சந்திரசேகரன் கவிழ்த்தார். ஆமாம்.

“நல்ல மூட்ல இருக்காரு அங்கிள். இன்னொண்ணும் கேட்டுடறேன். சிக்கந்தருக்கு இந்த வருஷம் கல்யாணம் ஆகுமா?”

ஆமாம்.

சந்து சிரித்தது. சிக்கந்தர் சிரிக்கவில்லை. “எங்க அம்மா காதுல விழாம பாத்துக்குங்க,” என்றான் பக்கத்தில் நின்றவரிடம்.

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே குணவதி ஊய் அங்கிளின் பக்கத்தில் போய் நின்றாள். அவள் குரல் அவருக்கு மட்டும் கேட்டது.

“அங்கிள், அடுத்து உங்க பேரைச் சொல்லிக் கேப்பேன். டத்தோவை ஏமாத்தினது இவரான்னு. ஆமாம்னு விழும். அப்புறம் ரொஸ்னாவான்னு கேப்பேன், நானான்னு கேப்பேன். அதுக்கும் ஆமாம்தான் விழும். அதுக்குள்ள சந்துக்கே புரிஞ்சிடும். நாலு ஒண்ணு எடுத்தவங்க எல்லாரும் இங்கதான் நிக்கறாங்க.”

ஊய் அங்கிள் கூட்டத்தைப் பார்த்தார்.

“காசு நல்ல காசுன்னா டத்தோ இங்கதான் இருக்கணும். இப்பத்தான் சொன்னாரு. காசு கெட்ட காசுன்னா அவரு போறேன்னு சொல்லவே இல்ல. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நான் வாயைத் திறக்கல.”

அவர் சந்திரசேகரனைப் பார்த்தார். சாமியாடியின் கண்கள் இப்போது நன்றாகத் திறந்திருந்தன, அவை அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு தன் தாத்தா கட்டிய மேடையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“காசு நல்ல காசுதான்,” என்று கடைசியில் சொன்னார். கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “டத்தோ வரலையாம். லோரியைத் திருப்புங்க.”

ரொஸ்னா பெருமூச்சு விட்டாள். “அப்ப மரம் இருக்கட்டும்,” என்று மலாயில் சொல்லிவிட்டு, பிளானை மாற்றச் சொல்லி அங்கேயே ஃபோன் போட்டாள். லோரிக்காரன் செவ்வந்தி மாலையைக் கழற்றி என்ன செய்வது என்று தெரியாமல் சைடு கண்ணாடியில் மாட்டிக்கொண்டான்.

துளசி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். குணவதி பக்கத்தில் போனாள். அவள் தோளில் கை வைத்து, “கல்லை எடுத்து வை. ஜனங்க பசியா நிக்கறாங்க,” என்றாள். சந்திரசேகரன் குனிந்து சாக்கு முடிச்சை அவிழ்க்க உதவினார்.

கூட்டம் கலைந்தது. பாதிப் பேர் தோசைக்கு நின்றார்கள், மீதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். குணவதியும் சிக்கந்தரும் சந்தின் முனைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது மேடைக்கு முன்னால் ஊய் அங்கிள் மட்டும் மண்டியிட்டிருந்தார். அதே காசுகளைக் குவளையில் போட்டு, ஹொக்கியன் சீனத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். சூலியா தெருவில் வளர்ந்த சிக்கந்தருக்கு அந்த மொழி தெரியும்.

“என்ன கேக்கறாரு?”

“என்னை மன்னிச்சிட்டீங்களான்னு.”

குவளை கவிழ்ந்தது. ஒன்று சிவப்பு, ஒன்று செம்பு.

ஊய் அங்கிள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அவர் காசுகளைப் பொறுக்கிப் போட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டு, மறுபடி குலுக்கினார்.